அழுத்தத்தை மட்டுமா மாற்றினீர்கள்? லேசர் உலோகப் பிளாஸ்மா ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுமினியத் துண்டு ஒன்றைக் கலனுக்குள் வைத்து, 1064 நானோமீட்டர் லேசர் துடிப்பை அதன்மேல் குவிக்கிறோம். கிளம்பும் பிளாஸ்மாவின், அதாவது அயனியான சூடான ஆவியின், நிறமாலையைப் பதிவு செய்கிறோம். பிறகு பம்பை ஓட்டிக் காற்றை இறைத்துவிட்டு இன்னொரு பதிவு. இரண்டிலும் ஒரே நிறமாலைக் கோட்டின் உயரத்தை அளந்து, "அழுத்தம் குறைந்தால் ஒளி குறைகிறது" என்று எழுதிவிடுகிறோம். துறைக்குப் புதியவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. அழுத்தம் மாறினால் பிளாஸ்மாவின் பருமன், ஆயுள், வெப்பநிலை, அது இருக்கும் இடம் எல்லாமே கூடவே மாறும். நம் கருவியோ பழைய இடத்தையே பழைய நேரத்திலேயே பார்த்துக்கொண்டிருக்கும்.

கணக்குப் போட்டால் இது எவ்வளவு மோசம் என்று புரியும். வெற்றிடத்தில் பிளாஸ்மாவின் முன்விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகத்தில் விரியும். அதாவது ஒரு மைக்ரோவிநாடியில் 10 மில்லிமீட்டர். காற்றில் வேலை செய்யும்போது தொடக்கத்துத் தொடர் நிறமாலை (கோடுகளை மறைக்கும் பரந்த ஒளி) அடங்கட்டும் என்று ஒரு மைக்ரோவிநாடி தாமதம் வைப்பது வழக்கம். அதே தாமதத்தோடு, பரப்புக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே குறிவைத்த ஒளியிழையோடு வெற்றிடத்தில் அளந்தால், பிளாஸ்மாவின் பெரும்பகுதி அந்த இடத்தைக் கடந்து போயிருக்கும். ஒளி உண்மையிலேயே குறைந்ததா, அளப்பதற்குள் கடந்துவிட்டதா என்று அந்த ஒரு பதிவை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வோர் அழுத்தத்திலும் தாமதத்தையும் உயரத்தையும் மாற்றி மாற்றி அளந்த பிறகுதான் ஒப்பீடு. வேலை கூடும்தான், வேறு வழியில்லை.

இன்னொரு தவறான எண்ணம், அழுத்தம் ஏற ஏற ஒளியும் ஏறிக்கொண்டே போகும் என்பது. பல அமைப்புகளில் ஒளியின் உச்சம் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழேதான் வருகிறது. அழுத்தம் கூடினால் பிளாஸ்மா பரப்பின் அருகே அடர்த்தியாகத் தங்கி, நானோவிநாடித் துடிப்பின் பின்பகுதியைத் தானே விழுங்கிக்கொள்கிறது. உலோகத்துக்குப் போய்ச் சேரும் ஆற்றல் குறைகிறது, ஆவியாகும் உலோகமும் குறைகிறது. மிகக் குறைந்த அழுத்தத்திலோ பிளாஸ்மாவைத் தடுத்துப் பிடிக்க ஆளில்லை. செவ்வாயில் 2012-இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் கெம்கேம் கருவி, 7 மீட்டர் தூரம் வரை பாறையை லேசரால் சுட்டு நிறமாலை எடுப்பதற்கு அங்குள்ள மெல்லிய காற்று, ஏறத்தாழ 7 மில்லிபார், தோதாகவே அமைந்தது. 2023-இல் நிலவில் பிரக்யான் ஊர்தி இதே முறையில் கந்தகத்தைக் கண்டது முழு வெற்றிடத்தில். மேசைமேல் காற்றில் வரைந்த அளவுத்திருத்தக் கோட்டை (ஒளிச் செறிவிலிருந்து தனிமத்தின் அளவைச் சொல்லும் வரைபடத்தை) இந்த இரண்டு இடங்களுக்கும் கொண்டுபோக முடியாது. கெம்கேம் குழு செவ்வாயின் காற்றைக் கலனுக்குள் உருவாக்கி அளவுத்திருத்தம் செய்தது இதனால்தான்.

வாயுவைத் தேர்ந்தெடுப்பதில் வரும் பிழை கொஞ்சம் நுட்பமானது. ஆர்கானும் ஹீலியமும் மந்த வாயுக்கள்தானே, எதுவானால் என்ன? ஒரே அழுத்தத்தில் ஆர்கான் பத்து மடங்கு கனமானது. பிளாஸ்மாவை இறுக்கிப் பிடிக்கும். ஹீலியத்தின் வெப்பக் கடத்துதிறன் ஆர்கானைப் போல எட்டு மடங்குக்கும் மேல், ஆகவே பிளாஸ்மா சீக்கிரம் குளிரும். அயனியாக்க ஆற்றலைப் பார்த்தால் ஆர்கானுக்கு 15.76, ஹீலியத்துக்கு 24.59 எலெக்ட்ரான் வோல்ட். ஆர்கானில் பிளாஸ்மா சூடாக, நீண்ட நேரம் நிற்கும். கோடுகள் பளிச்சென்று வரும், கூடவே பின்னணியும் கோடுகளின் அகலமும் ஏறும். ஹீலியத்தில் ஒளி குறைவு, ஆனால் பின்னணி சுத்தம். காற்றோ மந்தமே இல்லை: அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்து 484 நானோமீட்டர் பக்கம் ஆக்சைடு பட்டைகளைக் காட்டும். அதை முன்பின் தெரியாத உலோகக் கோடு என்று குறித்துவைப்பவர்களும் உண்டு.

பிளாஸ்மா விரியும்போது வாயுவில் எழும் அதிர்ச்சி அலைக்கு, அலையின் ஆரத்திலிருந்து ஆற்றலைக் கணிக்கும் செடோவ்-டெய்லர் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்துவதும் வழக்கமாகிவிட்டது. அணுகுண்டு வெடிப்புக்கு எழுதிய சூத்திரம் அது. வெடித்த பொருளின் நிறை, அலை வாரிச் சேர்த்த வாயுவின் நிறைக்கு முன்னால் ஒன்றுமேயில்லை என்ற அனுமானத்தில் நிற்கிறது. 0.1 மைக்ரோகிராம் உலோகம் ஆவியானதாக வைத்துக்கொள்வோம். சாதாரணக் காற்றில் அரைக்கோளம் 0.34 மில்லிமீட்டர் ஆரத்துக்கு விரிந்ததுமே வாரிய காற்றின் நிறை அதற்குச் சமமாகிவிடும். ஒரு டார் (வளிமண்டல அழுத்தத்தில் 760-இல் ஒரு பங்கு) அழுத்தத்தில் அதற்கு 3.1 மில்லிமீட்டர் போக வேண்டும். சமமானால் போதாது, பல மடங்காக வேண்டும். குறைந்த அழுத்தத்தில் முதல் சில மில்லிமீட்டர் படங்களை அந்தச் சூத்திரத்தில் திணித்துப் பெறும் ஆற்றல் வெறும் எண்தான்.

வெப்பநிலையைக் கணிக்க, கோடுகளின் செறிவை அவற்றின் மேல்மட்ட ஆற்றலுக்கு எதிரே வரையும் போல்ட்ஸ்மன் வரைபடம் போடும் முன், பிளாஸ்மா தன் ஒளியைத் தானே விழுங்கும் தன்னுறிஞ்சலைச் சோதியுங்கள். அலுமினியத்தின் 394.4, 396.15 நானோமீட்டர் கோடுகள் ஒரே மேல்மட்டத்திலிருந்து வருபவை; உறிஞ்சல் இல்லையென்றால் அவற்றின் செறிவு விகிதம் ஏறத்தாழ 1:2 இருக்க வேண்டும். அடர்த்தியான வாயுவில் அது 1:1 பக்கம் நகர்வதைப் பார்க்கலாம். எலெக்ட்ரான் அடர்த்தி போதுமா என்று பார்க்கும் மெக்விர்ட்டர் நிபந்தனை தேறிவிட்டது என்பதற்காக, அந்த வரைபடத்துக்குத் தேவையான வெப்பச் சமநிலை நிரூபணமாகிவிடாது. அது குறைந்தபட்சத் தேவை மட்டுமே.

கடைசியாக, அழுத்தத்தைக் காட்டும் கேஜ். பைரானி வகை, வாயு வெப்பத்தைக் கடத்துவதை வைத்து அழுத்தத்தைச் சொல்கிறது, அதுவும் நைட்ரஜனுக்கு அளவிட்டு. ஆர்கானில் அது குறைத்துக் காட்டும். கலனில் ஆர்கான் முழு வளிமண்டல அழுத்தத்தை எட்டிய பிறகும் சில மாடல்கள் 20-30 டார் என்றே சொல்லும். அந்த எண்ணை நம்பி சிலிண்டரைத் திறந்துகொண்டே போனால் கண்ணாடிச் சாளரம் தெறிக்கலாம். வாயு எதுவானாலும் ஒன்றாகவே அளக்கும் மின்தேக்கி வகைக் கேஜை மாட்டுங்கள், கூடவே ஒரு பாதுகாப்பு வால்வையும்.