வெள்ளைக்கழிச்சல் பிரைமர் இன்னும் பிடிக்கிறதா?

நாமக்கல் பண்ணைக்காரர்கள் எங்கள் ஆய்வகத்தில் கேட்பது இதுதான்: "ஏனுங்க, கோழி கழுத்தத் திருகிக்கிட்டு விழுவுது, நீங்க நெகட்டிவ்ங்கறீங்க?" மாதிரி கெட்டுப்போயிருக்கலாம், நோயே வேறாகவும் இருக்கலாம். அதெல்லாம் இல்லையென்றால் பிரைமரைச் சந்தேகப்படுங்கள்; பிசிஆர் சோதனையில் வைரஸின் மரபணுவில் போய் ஒட்டி அதைப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு அது. வெள்ளைக்கழிச்சலைத் தரும் ராணிகெட் ஆர்என்ஏ வைரஸ், அதன் மரபணு எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கும்; பழைய பிரைமர் பொருந்தாமல் போகலாம்.

முதலில் ஜென்பேங்க் என்ற இணையத் தரவுத்தளத்திலிருந்து இந்த வைரஸின் சீக்வென்ஸ்களை (மரபணு எழுத்து வரிசைகளை) இறக்குங்கள். வருடம், நாடு, ஜீனோடைப் (மரபணு வகை) மூன்றையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். லசோட்டா மாதிரி தடுப்பூசி ரகங்களைத் தனியே ஒதுக்குங்கள். அவற்றையும் சேர்த்துச் சதவீதம் போட்டால் கணக்கு அழகாக வரும், ஆனால் பண்ணையில் இப்போது சுற்றுகிற ரகம் அதில் மறைந்துவிடும். பிரைமர் உட்காரும் இடமே இல்லாத அரைகுறை சீக்வென்ஸைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாஃப்ட் மென்பொருளில் வரிசைப்படுத்தியதும் பிரைமர் உட்காரும் இடத்தை மட்டும் வெட்டி எக்ஸெல்லில் ஒட்டுவேன். மேல் வரிசையில் பிரைமர். கீழே பொருந்தும் எழுத்துக்கெல்லாம் புள்ளி, பொருந்தாதது மட்டும் எழுத்து. எதிர்த்திசையிலிருந்து வரும் ரிவர்ஸ் பிரைமரைத் திருப்பி, இணை எழுத்துகளாக மாற்றிய பிறகே ஒப்பிடவேண்டும்.

எத்தனை பிசகு (பொருந்தாத எழுத்து) என்பதைவிட எங்கே என்று பாருங்கள். பிரைமரின் தொடக்கமான 5′ முனையில் ஒன்றிரண்டு இருந்தாலும் பெரும்பாலும் ஓடிவிடும். நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் நீட்டத் தொடங்குவது கடைசியான 3′ முனையில். அங்கே கடைசி எழுத்தில் ஏ-சி பிசகினால் சேதம் குறைவு, ஏ-ஏ அல்லது சி-சி மோதினால் சிடி (சிக்னல் தெரியவரும் சுற்றின் எண்) பல எண் தள்ளிப்போகும். 3.3 தள்ளினாலே வைரஸ் பத்து மடங்கு குறைவாகத் தெரிகிறது என்று அர்த்தம். சிக்னல் தரும் துண்டான புரோபின் நடுவில் விழும் பிசகும் அதேபோல் ஆபத்து.

செத்த கோழியின் மூளையை வைத்து "பிரைமர் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள். அதில் வைரஸ் ஏராளமாக இருந்தால் சிடி 18 வரவேண்டியது 25 வந்தாலும் பாசிட்டிவ்தான். வைரஸ் குறைவாக இருந்து 33 வரவேண்டிய மாதிரிதான் காணாமல் போகும். ஆகவே பிசகுள்ள வரிசையைச் செயற்கை ஆர்என்ஏவாக வரவழைத்து, பிசகில்லாததோடு பக்கத்தில் வைத்துப் பத்து பத்து மடங்காக நீர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு படிக்கும் பிப்பெட் டிப் மாற்றச் சோம்பல் வேண்டாம். பிடிக்கிற படிகளில் மிக நீர்த்ததை 20 முறை ஓட்டி, 19 முறையாவது பிடிக்கிறதா பாருங்கள்.

பிடிக்கவில்லையா, அந்த இடத்தில் கலப்பு எழுத்து (ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்குப் பொருந்துவது) போட்டுப் பார்க்கலாம். ஆனால் வைரஸ் மரபணுவில் இரண்டு இடங்களை இலக்காக வைப்பதே எனக்குப் பிடித்த வழி. 2020 கடைசியில் இங்கிலாந்தில் கொரோனாவின் ஆல்ஃபா ரகத்தில் எஸ் ஜீன் சிக்னல் விழாமல் போனபோதும், அதே கிட்டில் மற்ற இரண்டு ஜீன்கள் இருந்ததால் பாசிட்டிவ் தவறவில்லை.

அப்புறம், தினசரி ஓட்டத்தில் அந்த இரண்டு இலக்குகளின் சிடி இடைவெளியையும் குறித்து வாருங்கள். அது விரிய ஆரம்பித்தால் அந்த மாதிரியைச் சீக்வென்ஸுக்கு அனுப்புங்கள்.