ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால்: புது ஊசி மருந்துச் சோதனையில் சேரும் முன்னும் பின்னும்

ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 500-ஐத் தாண்டினால் இதயக் கவலையோடு கணைய அழற்சியும் சேர்ந்துகொள்கிறது. 1,000-க்கு மேல் கணையம்தான் முதல் கவலை. (உங்கள் அறிக்கை மில்லிமோல் கணக்கில் இருந்தால் 88.5-ஆல் பெருக்குங்கள், 5.6 மில்லிமோல் என்பதே ஏறக்குறைய 500.)

ரத்தத்தில் மிதக்கும் இந்தக் கொழுப்பை உடைப்பது லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி. கல்லீரல் சுரக்கும் ஏபோ சி-3 என்ற புரதம் அதற்குத் தடை போடுகிறது. அந்தப் புரதம் உருவாவதையே கல்லீரலில் குறைப்பவை ஓலெசார்சென், ப்ளோசாசிரான் ஆகிய ஊசி மருந்துகள். முன்னதை 4 வாரத்துக்கு ஒருமுறையும் பின்னதை 3 மாதத்துக்கு ஒருமுறையும் போட்டுச் சோதித்தார்கள். பெகோசாஃபெர்மின் வேறு வழியில் போகிறது. எஃப்ஜிஎஃப்-21 என்ற ஹார்மோனைப் போலச் செயல்படும்படி வடிவமைத்தது. ஓலெசார்செனுக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் கிடைத்த அனுமதி, மரபணுக் கோளாறால் கைலோமைக்ரான்கள் (உணவுக் கொழுப்பைச் சுமக்கும் துகள்கள்) ரத்தத்தில் தேங்கும் அரிய நோய்க்கு மட்டுமே. ஒரு நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து இன்னொரு நோய்க்கு ஆய்வு மருந்தாகவே இருக்கலாம். அதனால் மருந்தின் பெயரோடு நின்றுவிடாமல், எந்த நோய்க்கு, எத்தனையாம் கட்டச் சோதனை என்று கேளுங்கள்.

சோதனையில் சேருமுன் ட்ரைகிளிசரைடு எண் ஏன் ஏறியது என்று தெரிய வேண்டும். கட்டுக்குள் வராத சர்க்கரை, தைராய்டு குறைவு, மது, சிறுநீரக நோய் ஆகியவற்றை முதலில் பாருங்கள். மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன், ஸ்டீராய்டு, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், சில மனநல மருந்துகள் ஆகியவையும் ஏற்றும். காரணம் அகன்றாலே எண் பாதியாவதுண்டு. அப்போது புது மருந்தே தேவைப்படாது. ஒரு விசித்திரம்: எண் மட்டும் எப்போதும் உயர்ந்திருக்க, சீரம் (ரத்த அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதி) பால்போல் கலங்காமல் தெளிவாகவே இருந்தால், அது கிளிசரால் கலந்ததால் வந்த பொய்யான உயர்வாக இருக்கலாம். ஆய்வகத்தில் சொல்லி அதைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தகுதி பார்க்கும் ரத்தப் பரிசோதனைதான் அதிகம் சொதப்பும் இடம். ட்ரைகிளிசரைடு ஒரே ஆளிடம் நாளுக்கு நாள் ஊசலாடும். அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட நாட்களில் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். முந்தைய சில நாட்கள் மது கூடாது, உணவு வழக்கம்போல் இருக்கட்டும். இடம் கிடைக்க வேண்டுமென்று கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் எண்ணம் வந்தால் விட்டுவிடுங்கள். அந்த ஒரு வாரமே கணைய அழற்சிக்குப் போதும். அதோடு, செயற்கையாக ஏற்றிய எண் தானாகவே இறங்கும்; அதை மருந்தின் பலனாக எண்ணி ஏமாறுவீர்கள். கொழுப்பைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட், ஸ்டாட்டின், ஒமேகா-3 எடுத்தால் அளவை மாற்றாமல் தொடருங்கள். தகுதிக்காக அவற்றை நீங்களே நிறுத்தக் கூடாது.

ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்துக்கு முன் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். மருந்துப்போலி (மருந்தே இல்லாத ஊசி) கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, மருந்தால் பாதிப்பு வந்தால் செலவு யாருடையது, முடிந்தபின் எல்லோருக்கும் உண்மை மருந்து தரும் நீட்டிப்பு உண்டா என்ற மூன்றுக்கும் படிவத்திலேயே விடை இருக்க வேண்டும். கருத்தடை பற்றிய பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஊசி நின்றபிறகும் அந்த நிபந்தனை மாதக்கணக்கில் தொடரலாம்.

ஊசி வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில் போடுவது. வீட்டில் போடுவதானால் சேமிப்பு வெப்பநிலையையும், போடுமுன் எவ்வளவு நேரம் வெளியே வைக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். உறையவிட்டது பயன்படாது. குலுக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தை விட்டுவிடுங்கள். அந்த இடம் சிவந்து தடித்தால், எத்தனை நாள் இருந்தது என்று குறித்து வையுங்கள்.

சேர்ந்தபின் உங்கள் ட்ரைகிளிசரைடு எண்ணை உங்களிடமும் மருத்துவரிடமும் மறைத்து வைப்பார்கள். தெரிந்தால் மருந்தா போலியா என்பது அம்பலமாகிவிடும். வெளி ஆய்வகத்தில் ரகசியமாகப் பார்த்தால் ஒட்டுமொத்த ஆய்வையும் கெடுக்கிறீர்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், கல்லீரல் நொதி, சர்க்கரை மூன்றையும் குழு கண்காணிக்கும். இதே ஏபோ சி-3 வழியில் முன்னர் வந்த வோலனெசோர்சென் பிளேட்லெட்டைக் குறைத்ததால்தான் இந்தக் கவனம். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் ஏறலாம், தேங்கிய கொழுப்புத் துகள்கள் உடைந்து எல்டிஎல்லாக மாறுவதே காரணம். ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் இருந்தபோது நேரடியாக அளக்காமல் சூத்திரத்தால் கணக்கிட்ட எல்டிஎல் எண்ணை நம்பி ஒப்பிடாதீர்கள். கொழுப்புத் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஏபோ பி என்ற புரதத்தின் அளவே சரியான துணை.

மருந்து வந்துவிட்டதென்று உணவுக் கட்டுப்பாட்டைத் தளர்த்த முடியாது. மிக உயர்ந்த நிலையில் கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மது அறவே கூடாது.

மேல்வயிற்றில் கடும் வலி எழுந்து முதுகுக்குப் பரவி, வாந்தியும் வந்தால் ஆய்வுக் குழுவின் பதிலுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ட்ரைகிளிசரைடு அதிகம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பால்போல் கலங்கிய ரத்தத்தில் கணைய அழற்சியைக் கண்டறியப் பார்க்கும் அமைலேஸ் என்ற நொதி பொய்யாக இயல்பாகத் தெரியலாம்; கணையத்தின் இன்னொரு நொதியான லைப்பேஸ் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்துச் சோதனையின் எண்ணும் ஆய்வுக் குழுவின் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணும் உள்ள அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும்.