காசு வயலுக்குள் கிடக்கும் மாதத்தில் மார்கழி லீவைக் கொண்டாடுவது எப்படி

வன்னியில் மார்கழி ஒரு பொல்லாத மாதம். பாடசாலை லீவு, திருவெம்பாவை, நத்தார், ஆங்கில வருஷப் பிறப்பு, அதற்குப் பின்னால் இரண்டு கிழமையில் தைப்பொங்கல் என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அதே நேரம் காலபோக நெல் இன்னும் பச்சையாக நிற்கும், கையிலிருந்த காசெல்லாம் விதைநெல்லாகவும் உரமாகவும் டீசலாகவும் வயலுக்குள் இறங்கியிருக்கும், அரிவு வெட்டி விற்றுக் காசைக் கண்ணால் காண மாசி பங்குனி ஆகிவிடும். மழைக்குக் கூலி வேலையும் குறைவு. முல்லைத்தீவுப் பக்கம் கடல் கொந்தளித்தால் தொழிலுக்குப் போகிறவர்களும் பல நாள் வீட்டில்தான். இதையெல்லாம் மாற்ற ஏலாது, பொங்கலை ஆனிக்குத் தள்ளிவைக்கவா முடியும்? மாற்றக்கூடியது ஒன்றுதான், ஒவ்வொரு வீடும் தனித்தனியாக அடுப்பு மூட்டித் தனித்தனியாகக் கடன்படுகிற பழக்கம்.

ஆகவே முதல் வேலை சந்தைக்குப் போவது இல்லை, ஆட்களோடு கதைப்பது. கார்த்திகை விளக்கீடு முடிந்த கையோடு நெருங்கின நாலு வீடு ஒன்றாக இருந்து கதையுங்கள். சொந்தமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, பக்கத்து வளவுக்காரர், பிள்ளையோடு படிக்கிற பிள்ளையின் வீட்டார், யாரும் சரி. "அக்கா, இந்த முறை எல்லாரும் ஒரு வீட்டில சமைப்பம், நீங்கள் அரிசியையும் தேங்காயையும் பாருங்கோ, நான் மீனைப் பாக்கிறன்" என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும், மற்றவர்களும் அதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. காசுப் பங்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் முன்னால் தொகை சொல்லாதீர்கள். அந்த நாலு வீட்டில் ஒரு வீடு கட்டாயம் கஷ்டத்தில் இருக்கும், தொகையைக் கேட்டதும் "எங்களுக்கு அன்றைக்கு வேற அலுவல்" என்று ஒதுங்கிவிடும். பொருளாகப் பிரியுங்கள். விறகு கொண்டுவருகிற வீடும் பங்குதான், முருங்கையிலையும் மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவருகிற வீடும் பங்குதான், ஒன்றுமே ஏலாதென்றால் விடியவே வந்து மாவிடித்துத் தருகிற மாமிதான் உண்மையில் பெரிய பங்குக்காரி.

கடன் பற்றி இரண்டு வசனம். கொண்டாட்டத்துக்கு நகையை அடகு வைக்காதீர்கள், கிழமைக் கிழமை கட்டுகிற நுண்கடனை நத்தார் உடுப்புக்காக எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தக் கடன்கள் எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தினது என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பிறகு ஒரு பழைய கொப்பியில் கணக்கை எழுதுங்கள். மேலே முதலாவதாகப் பாடசாலைச் செலவு. பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தந்தாலும் கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை, தைப்புக்கூலி எல்லாம் எங்கள் தலையில்தான், அது தையில் வந்து கழுத்தைப் பிடிக்கும். எனவே அந்தக் காசை முதலில் ஒதுக்கி வேறொரு ஆளிடம் கொடுத்து வையுங்கள், நம்பிக்கையான அம்மம்மா ஒருவர் இருந்தால் வங்கியைவிடப் பத்திரம், கேட்டாலும் தரமாட்டார். இரண்டாவதாகப் பொங்கலுக்கு எழுதுங்கள், அதை விடவும் ஏலாது, பெரிய செலவும் இல்லை. மிச்சம் எவ்வளவோ அதுதான் லீவுக் காசு. அது சிறிய தொகையாக இருக்கும், சரி, இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம், காசு அதிகம் போவதும் அதில்தான், மிச்சம் பிடிக்கக்கூடியதும் அதில்தான். ஆட்கள் கூடுகிறார்கள் என்றதும் பிரியாணி, பொரித்த கோழி, சோடாப் போத்தல் என்று மனம் ஓடும். நான் சொல்வது கூழ், காயவைத்த பனங்கிழங்கான ஒடியலை இடித்த மாவில் காய்ச்சுவது. அடைமழை, வெளியே குளிர், இருபது பேர் கூடியிருக்கிற வீடு என்றால் ஒடியல் கூழை வெல்ல வேறு சாப்பாடு கிடையாது, ஒரே பானை, ஒரே அடுப்பு, கறி வகை ஒன்றும் தேவையில்லை. பதினைந்து பேருக்கு அரைக்கிலோ ஒடியல் மா காணும். மாவை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவிட்டு, அது அடியில் படிந்த பிறகு மேல்தண்ணீரை வார்த்துவிடுங்கள், இரண்டு தரம் இப்படிச் செய்தால் கைப்புப் போய்விடும். பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, மரவள்ளிக் கிழங்கு, பயிற்றங்காய், எடுத்துவைத்த பலாக்கொட்டை இருந்தால் அதுவும். இவை பாதி அவிந்ததும் நண்டு, மீன்தலை, மீன்துண்டு, அதன் பிறகு இறால். செத்தல் மிளகாயையும் மஞ்சளையும் உப்போடு அரைத்துப் போட்டு, பழப்புளியைக் கரைத்து விட்டு, கடைசியில் ஊறின மாவைக் கரைத்து ஊற்றித் துழாவிக்கொண்டே நில்லுங்கள், கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும். முருங்கையிலை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால்.

மீன் வாங்குகிற இடத்தில்தான் சிக்கனம் இருக்கிறது. கூழுக்குப் பாரை, விளை என்று நல்ல மீன் தேடிப் போகத் தேவையில்லை. சின்ன நண்டு, கூனி இறால், கலவன் மீன், தலைகள் எல்லாம்தான் கூழுக்கு ருசி, அவை விலையும் குறைவு, காலையில் கொஞ்சம் பிந்திப் போனால் இன்னும் குறையும். கரைக்குத் தூரமான மாங்குளம், நெடுங்கேணி, வவுனியாப் பக்கத்து ஆட்களுக்குக் குளத்து விராலும் ஒரு துண்டுக் கருவாடும் போட்டாலே கூழ் எழும்பும். குடிக்கப் பிளாஸ்டிக் கோப்பை வாங்க வேண்டாம், பனையோலை வெட்டிப் பிளாக் கோலும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள், அரைநாள் அதிலேயே போய்விடும், பாதி பிளா ஒழுகும், அதுவும் ஒரு சிரிப்பு. இல்லாவிட்டால் சுரண்டின சிரட்டை.

கூழுக்கு நாள் பார்க்கும்போது திருவெம்பாவையை மறக்காதீர்கள். அந்தப் பத்து நாளும் பல வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை, ஒரு பெரியவருக்காவது விரதம் இருக்கும். வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர்களும் சைவக்காரரும் கலந்த குடும்பம் என்றால், அப்படிக் குடும்பங்கள் இங்கே நிறைய, திருவெம்பாவைக்கு முன்னோ பின்னோ வைப்பது மரியாதை. இல்லையென்றால் மரக்கறிக் கூழ் காய்ச்சுங்கள், அது இன்னும் மலிவு.

பலகாரச் சூட்டையும் ஒரே வீட்டில் வையுங்கள். காரணம் எண்ணெய். நாலு வீட்டில் நாலு தாச்சி வைத்தால் நாலிலும் அடியில் கறுத்த எண்ணெய் மிஞ்சும், ஒரு தாச்சி என்றால் ஒரே மிச்சம்தான். பயத்தம் பணியாரமும் முறுக்கும் இரண்டே போதும். பயறு வறுத்த வாசத்துக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள், தேங்காய்ப்பூவை நன்றாக வறுத்துப் போட்டால் பணியாரம் பொங்கல் வரை தாங்கும். அரியதரம் வேண்டுமென்றால் கைப்பக்குவம் உள்ள ஒரு ஆளை வைத்துக்கொண்டு செய்யுங்கள், பாகு பிழைத்தால் சீனியும் மாவும் வீண். நத்தார் கேக்குக்கு முந்திரிகைப் பருப்புக்குப் பதிலாக வறுத்து உடைத்த கச்சான் போடலாம், வளவில் நீற்றுப்பூசணி காய்த்திருந்தால் அதை வெட்டிச் சீனிப்பாகில் காய்ச்சிப் பழத்துக்குப் பதிலாகச் சேர்க்கலாம். கலவையைத் தட்டில் ஊற்றி ஊர்ப் பேக்கரியில் கேட்டுப் பாருங்கள், பாண் சுட்டு முடிந்த போறணைச் சூட்டில் சின்னக் கூலிக்குச் சுட்டுத் தருகிற இடங்கள் உண்டு.

அடுத்தது போத்தல். ஆண்கள் கோபிக்கக்கூடாது. சாப்பாட்டில் நூறு நூறாக மிச்சம் பிடித்துவிட்டு இரவில் சாராயத்துக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்தால் அந்தக் கொப்பியைக் கிழித்து எறியலாம். குடிக்கிறவர்கள் தங்கள் தனிக் காசில், தனியாக, பிள்ளைகள் நித்திரைக்குப் போன பிறகு. பொதுக் கணக்கில் அது வரக்கூடாது, அவ்வளவுதான்.

பயணம் போகாமல் லீவு லீவாக இராது. நல்ல மழை பெய்த வருஷம் என்றால் இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்து வான் பாயும், முப்பத்தாறு அடி நிறைந்து கதவு திறந்த செய்தி வந்ததும் கிளிநொச்சியே அங்கேதான் நிற்கும், பார்க்க ஒரு சதமும் இல்லை. வீட்டிலிருந்து புளிச்சாதம் கட்டி, ஒரு போத்தல் தேத்தண்ணியோடு போங்கள். பார்ப்பது மட்டும், இறங்குவது வேண்டாம், வான் தண்ணீரின் இழுவை நீந்தத் தெரிந்த ஆளையும் விடாது, குளங்களில் முதலையும் உண்டு. மழை கடுமையாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், 2018 மார்கழியில் ஒரே இரவில் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்கள் வெள்ளத்தில் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எனவே எதற்கும் முன்பணம் கட்டி நாள் குறிக்காதீர்கள், வாடகை வான் வண்டிக்கு முக்கியமாக.

வாடகை வண்டியைவிட ரயில் நல்லது. 1990 இல் நின்றுபோன ரயில் 2013 இல்தான் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது, அந்த இடைவெளியில் வளர்ந்த எங்கள் ஆட்கள் பலர் கலியாணம் கட்டின பிறகுதான் முதல் தரம் ரயில் ஏறினார்கள். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு மூன்றாம் வகுப்பில் போய், சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்னேர பஸ்ஸில் திரும்பினால் சின்னப் பிள்ளைக்கு அது ஒரு முழுப் பயணம். நேரத்தை முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டுவிடுங்கள். திரும்பும்போது முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம், கைக்கு ஒரு சுருள் சுடக்கச்சான். நான் கேட்டால் அந்தக் கச்சானுக்காகவே போகலாம் என்பேன்.

மன்னார்ப் பக்கத்து ஆட்களுக்கு அதுவும் தேவையில்லை, தீவுக்குப் போகிற பாலத்து வீதியில் நின்றாலே வங்காலைக் கடலேரியில் வலசை வந்த பறவைகளைப் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டமும். முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போவதென்றால் மணலோடு நிறுத்துங்கள், இந்த மாதம் அது குளிக்கிற கடல் இல்லை. அதோடு நத்தாருக்கு அடுத்த நாள், 26 ஆம் திகதி, 2004 சுனாமியில் ஆட்களைப் பறிகொடுத்த வீடுகளுக்கு அழுகிற நாள். அன்றைக்குப் பாட்டுப் பெட்டியோடு அந்தக் கரைக்குப் போகாதீர்கள், தெரிந்த வீடிருந்தால் ஒரு மெழுகுதிரியோடு போய் இருந்துவிட்டு வாருங்கள். உள்வீதிகளில் போனவர்கள் பொழுதுபடுவதற்குள் திரும்பிவிட வேண்டும், யானை எங்கே நிற்கும் என்று சொல்ல ஏலாது.

வீட்டில் பிள்ளைகளைப் பராக்காட்டுவதற்குக் காசு தேவையே இல்லை. பாலன் குடிலுக்குப் பத்து நாளைக்கு முன்னால் சிரட்டைகளில் மண் போட்டு நெல்லோ பயறோ விதைக்கச் சொல்லுங்கள், நத்தாருக்குப் பச்சைப் பசேலென்று முளைத்து நிற்கும், குடிலைச் சுற்றி அடுக்கினால் கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் புல்லை யாரும் கேட்கமாட்டார்கள். ஈர்க்கும் வர்ணத்தாளும் இருந்தால் நட்சத்திரம். மழை விட்ட நேரம் முற்றத்தில் கிளித்தட்டு, மழை பெய்தால் விறாந்தையில் தாயமும் காட்ஸும். பெரியவர்கள் காட்ஸில் முந்நூற்றி நாலு விளையாடத் தொடங்கினால் சித்தப்பாமாருக்குள் வருகிற சண்டையைப் பார்க்கவே சனம் கூடும்.

கடைசியாக வெளிநாட்டுச் சொந்தம். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வருகிறார்கள் என்றதும் நாங்கள் வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பதும் கடன்பட்டு ஆட்டிறைச்சி வாங்குவதும் ஏன் என்று விளங்கவில்லை, அவர்கள் விமானம் ஏறும்போதே கூழையும் புட்டையும் நினைத்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். வெட்கப்படாமல் முன்னமே சொல்லுங்கள்: "மச்சாள், சொக்லேற் பெட்டி வேண்டாம், பிள்ளையளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் எடுத்துத் தந்தால் போதும்." அவர்களுக்கும் நிம்மதி, என்ன வாங்குவது என்று தலையைப் பிய்க்கத் தேவையில்லை.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னர் பானை வாங்குங்கள், முதல் நாள் விலை ஏறிவிடும். வெடிக்கு ஒரு வீட்டுக்கு ஒரு கட்டு என்று சொல்லி நில்லுங்கள். அடுத்த மார்கழிக்கான வேலை அரிவு வெட்டோடு தொடங்குகிறது. களத்தில் நெல்லுக்கு விலை விழுந்திருக்கும், எல்லாவற்றையும் அந்த விலைக்குத் தூக்கிக் கொடுக்காமல் இரண்டு மூட்டையைக் காயவைத்துக் கட்டி வையுங்கள், கார்த்திகையில் அரிசி விலை ஏறும்போது குத்திச் சாப்பிடலாம். அந்த நாலு வீட்டுக்குள்ளேயே மாசியில் ஒரு சின்னச் சீட்டும் தொடங்குங்கள், கழிவு இல்லாமல், மார்கழி முதல் கிழமை எல்லாரும் ஒன்றாக எடுக்கிற மாதிரி. காசு விறகு கொண்டுவந்த வீட்டில் இருக்கட்டும்.