மணற்படுகைக்குள் எதையும் நுழைக்காமல் குமிழ்களை அளப்பது எப்படி?

கீழிருந்து காற்றைச் செலுத்தி மணலை நீர்போல் கொதிக்கச் செய்யும் பாய்மப் படுகைக்குள் அளவுகருவியை நுழைத்தால், அக்கருவியே குமிழ்களின் பாதையைக் கெடுத்துவிடும் என்பதால், இங்கே எல்லாவற்றையும் வெளியிலிருந்தே அளக்கிறோம்.

20 செ.மீ. அகலமுள்ள இரு கண்ணாடிகளை, பக்கங்களில் மரச்சட்டம் வைத்து, 1 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, அடியில் மடித்த கித்தான் துணியைப் பொருத்துங்கள். அக்ரிலிக் வேண்டவே வேண்டாம். சேலத்துப் பங்குனி வெயிலில் நிலைமின்னேற்றத்தால் மணல் அதில் அப்பிக்கொண்டது. 0.3 முதல் 0.4 மி.மீ. வரையுள்ள உலர்ந்த மணலே போதும். ஊரில் எளிதாகக் கிடைக்கிறதே என்று முதலில் நான் கொட்டிய ஜவ்வரிசி, பாய்மப் படுகைத் துகள்களுக்கு ஆய்வாளர் ஜெல்டார்ட் 1973இல் வகுத்த பிரிவுகளில் பெருந்துகள்களுக்குரிய 'டி' பிரிவில் அடங்குவதால், ஊற்றுபோல் நடுவில் பீறிட்டதே தவிரச் சீராகக் குமிழவில்லை.

காற்றுக்கு வாக்குவம் கிளீனரின் ஊதுமுனையைப் பயன்படுத்துங்கள்; ஹேர் டிரையருக்கு அழுத்தம் போதாது. துணிக்குச் சற்று மேலே, மரச்சட்டத்தில் துளையிட்டு, வலையால் மூடி, வண்ணநீர் நிரப்பிய யு வடிவக் குழாயை இணையுங்கள். கன மீட்டருக்கு 1,500 கிலோ அடர்த்தியுடன் 20 செ.மீ. உயரம் நிற்கும் மணலுக்கு, நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ 30 செ.மீ. வரை ஏறி, காற்றை மேலும் கூட்டினாலும் அங்கேயே நின்றால், படுகையின் எடையைக் காற்று தாங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நான் மூன்று வாரம் தடுமாறியது விளக்கில்தான். பின்புறம் வெள்ளைத்தாள் ஒட்டி, வீட்டு எல்.இ.டி. விளக்கை ஏற்றி, கைப்பேசியில் விநாடிக்கு 240 படங்கள் எடுத்தபோது, ஒரே குமிழின் பரப்பு படத்துக்குப் படம் வீங்கிச் சுருங்கியது. படத்தில் குமிழின் பரப்பை அளக்கும் மென்பொருளைத்தான் பழித்துக்கொண்டிருந்தேன். உண்மையில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் மலிவான விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிப்பதால், மணலின் கறுப்பு எது, ஒளி கடந்துவரும் குமிழின் வெள்ளை எது என்று பிரிக்கும் எல்லை ஒவ்வொரு படத்திலும் நகர்ந்துகொண்டிருந்தது. 12 வோல்ட் பைக் பேட்டரியில் விளக்கை இணைத்து, கேமராவின் ஒளியளவையும் குவியத்தையும் பூட்டியதும் குமிழின் அந்த வீக்கமும் சுருக்கமும் அடங்கின.

துகள்களின் வேகத்துக்கு விளக்கை முன்பக்கம் மாற்றி, அடுத்தடுத்த படங்களிலிருந்து துகள்களின் நகர்வைக் கணக்கிடும் ஓப்பன்பிஐவி மென்பொருளில், படங்களை 32 பிக்சல் சதுரங்களாகப் பிரித்து ஒப்பிடுங்கள். இரு படங்களுக்கிடையே துகள் நகர்வது சதுரத்தின் கால்பங்கை, அதாவது 8 பிக்சலைத் தாண்டக் கூடாது, 1 மி.மீ.க்கு 5 பிக்சல் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 38 செ.மீ. வேகமே எல்லை. குமிழின் கூரையிலிருந்து உதிரும் மணல் இதைவிட விரைவாக விழக்கூடுமாதலால், குமிழ்ப்பகுதிகளை மறைத்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

பின்சேர்க்கை: தடிமனான படுகைக்கும் இது பொருந்துமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தாது, அங்கே கேமரா காண்பது சுவரோர மணலை மட்டுமே. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவான பாசிட்ரான் முறையில், கதிரியக்கமூட்டிய ஒற்றைத் துகளை உள்ளே விட்டு, அது உமிழும் பாசிட்ரான்களால் எழும் காமாக் கதிர்களைக் கொண்டு அதன் இடத்தை வெளியிலிருந்தே தொடர்கிறார்கள்.