சட்டிக்கு ஓர் உருக்கு, கத்திக்கு வேறோர் உருக்கு

ஹட்டன் கடைத்தெருவுக்கு எவர்சில்வர் சட்டியோ கத்தியோ வாங்கப் போகிறவர்கள், பழுதான வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத் துண்டொன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. கடைக்காரர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

பாடநூல்கள் கறையில் உருக்கு என்று குறிப்பிடுவது இந்த எவர்சில்வரையே. இரும்போடு குறைந்தது 10.5 வீதம் குரோமியம் சேரும்போது, அது காற்றிலுள்ள ஒட்சிசனுடன் கூடிக் கண்ணுக்குத் தெரியாத மென்படலமாகப் படிந்து துருவைத் தடுக்கிறது.

சட்டியின் அடியில் 18/8 அல்லது 18/10 என்று பொறித்திருந்தால், முதலாவது எண் குரோமியத்தின் வீதத்தையும் இரண்டாவது எண் நிக்கலின் வீதத்தையும் குறிக்கும். 304 என்ற தரம் இவ்வகையைச் சேர்ந்தது, காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 18/0 என்பதில் நிக்கல் இல்லை. 430 என்ற தரம் அத்தகையது, விலையும் குறைவு, காந்தமும் நன்றாக ஒட்டும். இண்டக்‌ஷன் அடுப்புக்கென்று நல்ல சட்டிகளுக்கும் அடியில் காந்தம் ஒட்டும் தகட்டைப் பொருத்துவதால், பக்கச் சுவரிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒட்டாவிட்டாலும் 304 என்று முடிவுகட்ட முடியாது. நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டிய 201 தரத்திலும் ஒட்டாது. எண் பொறிக்காத சட்டியொன்றை அப்படி நம்பி வாங்கி, கொரக்காப் புளி போட்ட மீன்குழம்பை இரவிரவாக அதிலேயே விட்டுவைத்ததில், ஒரே மாதத்தில் ஊசிமுனை அளவுப் பழுப்புப் புள்ளிகளைக் கண்டவன் நான்.

கத்திக்குக் கணக்குத் தலைகீழ்: காந்தம் ஒட்டத்தான் வேண்டும். 304 தரத்தில் காபன் மிகக் குறைவாதலால், சூடேற்றித் தோய்த்தாலும் அது கடினமாகாது, கூரும் நில்லாது. ஜேர்மன் சமையலறைக் கத்திகள் பலவற்றில் சுமார் 0.5 வீதம் காபனும் 15 வீதம் குரோமியமும் இருக்கும். 440 சி தரத்தில் காபன் 1 வீதத்தை ஒட்டியிருப்பதால் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் தீட்டுவது சிரமம். தேயிலை மலையில் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல: குரோமியம் இல்லாத அந்தக் கத்தி சவரக்கத்திபோல் தீட்டுப்படும், ஈரத்தோடு வைத்தால் விடிவதற்குள் துருவேறும். சமையலறைக் கத்தியின் உருக்கு, சட்டி உருக்குக்கும் கவ்வாத்துக் கத்தி உருக்குக்கும் நடுவிலான சமரசம் என்பதால், நுவரெலியாவின் பனியீரத்தில் அதைக் கழுவியவுடன் துடைத்து வைக்க வேண்டும்.

சட்டியில் உப்பைத் தண்ணீர் கொதித்த பிறகே போடுங்கள்; குளிர்ந்த நீரின் அடியில் கரையாமல் கிடக்கும் உப்பு, படலத்தைத் துளைத்துக் குழி விழுத்தும். இரும்புக் கம்பிச் சுருளால் தேய்த்தால் அதன் துகள்களே ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். அந்தக் கறை சட்டியினுடையதல்ல, எலுமிச்சைச் சாற்றில் தேய்த்தால் போய்விடும்.