முடி வளர்ச்சி ஆய்வுகள்: படிக்கும்போதும் அளக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு முடியே வளராது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. கிழக்காசியர்களுக்கு நீள முடி இருப்பதற்கு அவர்கள் தலையில் தேய்ப்பதுதான் காரணம் என்று சொல்லி எதையாவது விற்கிறவர்களும் உண்டு. இரண்டுமே நீளத்தையும் வளரும் வேகத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை. இதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்கு வேரும் இதுவே.

தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனிச் சுழற்சியில் ஓடுகிறது. வளர்நிலை ஏறத்தாழ 2 முதல் 6 ஆண்டுகள், சுருங்கும் நிலை 2 முதல் 3 வாரங்கள், ஓய்வுநிலை சுமார் 3 மாதங்கள். அதன்பின் உதிர்ந்து, அதே மயிர்க்காலில் புது முடி முளைக்கும். மாதத்துக்கு 1 செ.மீ. வளரும் இருவரில் ஒருவருக்கு வளர்நிலை 3 ஆண்டு, மற்றவருக்கு 6 ஆண்டு என்றால் முதலாமவருக்கு முடி 36 செ.மீ.யில் நின்றுவிடும், இரண்டாமவருக்கு 72 செ.மீ. வரை போகும். வேகம் ஒன்றுதான். இடையில் ஒடிந்து போவதையும் இதில் கழிக்க வேண்டும். இறுகச் சுருண்ட முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாக இருக்கும், அதன் மயிர்க்காலே வளைந்திருக்கும். முறுக்கு விழும் ஒவ்வோர் இடமும் பலவீனமான இடம். தோல் மருத்துவர் நொன்லான்லா குமாலோவும் சக ஆய்வாளர்களும் 2000-இல் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஆப்பிரிக்கர்களின் முடிகளில் முடிச்சுகளும் முறிந்த நுனிகளும் மற்றவர்களுடையதைவிட மிக அதிகமாக இருந்தன. வேரில் வளர்வது நுனியில் ஒடிந்தால் நீளம் நின்ற இடத்திலேயே நிற்கும். அதைப் பார்த்து ‘வளரவில்லை’ என்று சொல்வது தவறான முடிவு.

வேகத்திலும் வேறுபாடு இருப்பது உண்மைதான். லோரியால் என்ற அழகுசாதன நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட கணக்குப்படி ஆப்பிரிக்கர்களின் முடி நாளுக்குச் சராசரி 256 மைக்ரோமீட்டரும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஐரோப்பிய வம்சாவளியினரின் முடி 396 மைக்ரோமீட்டரும் வளர்ந்தன. ஆண்டுக் கணக்கில் சுமார் 9 செ.மீ., 14 செ.மீ. பலரும் இந்தச் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் விலகல் எண்ணை, அதாவது சராசரியிலிருந்து ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்பதை, விட்டுவிடுகிறார்கள். முதல் எண்ணுக்கு அது 44, இரண்டாவதற்கு 55. ஒரு குழுவில் பெரும்பாலோர் சராசரிக்கு இருபுறமும் இரண்டு மடங்கு விலகலுக்குள் அடங்குவார்கள். அதுவரை பார்த்தால் முதல் குழுவின் மேல் விளிம்பு 344, இரண்டாவது குழுவின் கீழ் விளிம்பு 286. ஒருவரின் முடி நாளுக்கு 310 மைக்ரோமீட்டர் வளர்கிறது என்றால் அவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. குழுவின் சராசரியைத் தனி ஆளின் தலையில் ஏற்றக் கூடாது.

நம் வாசகர்கள் அதிகம் சறுக்கும் இடம் ‘ஆசியர்’ என்ற சொல். பழைய ஆய்வுகள் பலவற்றில் ஆசியர் என்றால் சீனர், ஜப்பானியர், கொரியர். கிழக்காசியர்களின் முடி தடிமனாக இருப்பதற்கு ஈடிஏஆர் என்ற மரபணுவின் 370ஏ என்ற வடிவம் முக்கியக் காரணம். அந்த வடிவம் அங்கே மிகப் பரவலாக இருக்கிறது, தென்னிந்தியாவிலோ அரிது. ஆகவே ‘ஆசிய முடி’ என்ற தலைப்பில் வரும் தடிமனையும் அடர்த்தியையும் தமிழர்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. சீனாவிலும் ஐரோப்பாவிலும் நேரான முடி இருந்தாலும் அதன் மரபணுக் காரணங்கள் வேறு வேறு என்பதும் இதே துறையில் கண்டறியப்பட்டதுதான்.

இனப்பெயரை விட்டுவிட்டு முடியின் வடிவத்தையே அளப்பதுதான் சரியான வழி. 18 நாடுகளைச் சேர்ந்த 1,442 பேரின் முடியை வைத்து 2007-இல் வெளியான வகைப்பாடு அப்படித்தான் செய்தது. சுருளின் விட்டம், அலைகளின் எண்ணிக்கை, முறுக்குகளின் எண்ணிக்கை, இழுத்துப் பிடித்த நீளத்தை இயல்பான நீளத்தால் வகுத்த விகிதம் ஆகியவற்றைக் கொண்டு 8 வகைகள் பிரித்தார்கள். இழுத்தால் 30 செ.மீ., விட்டால் 10 செ.மீ. என்றால் விகிதம் 3. இந்த மாற்றம் தேவைப்பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலத்தில் தலையில் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து மனிதர்களின் இனத்தைத் தீர்மானித்தார்கள். குடும்பங்களே அதனால் பிரிந்தன. முடியை வைத்து ஆளை வகைப்படுத்தும் எந்தக் கட்டுரையையும் அந்த நினைவோடு படிப்பது நல்லது.

அளவெடுப்பில் நடக்கும் தவறுகள்

வழக்கமான முறை இது: தலையில் சுமார் 1 சதுர செ.மீ. இடத்தில் முடியை ஒட்ட வெட்டி, உருப்பெருக்கிப் படமெடுத்து, 2 அல்லது 3 நாள் கழித்து அதே இடத்தை மறுபடி படமெடுப்பது. நீண்டிருப்பவை வளர்நிலை முடிகள், அப்படியே நிற்பவை ஓய்வுநிலை முடிகள். எளிமையாகத் தெரியும், ஆனால் நான்கு இடங்களில் கெடும்.

இடைவெளி குறைவாக இருந்தால் மெதுவாக வளரும் முடி வளரவே இல்லை என்று கணக்கில் ஏறிவிடும். நாளுக்கு கால் மில்லிமீட்டர் வளரும் முடியை ஒரே நாளில் மறுபடம் எடுத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அப்போது மெதுவாக வளரும் குழுவுக்கு ஓய்வுநிலை விழுக்காடு பொய்யாகக் கூடும். இரண்டாவது, முடி தோலிலிருந்து சாய்ந்தே வருகிறது, சுருட்டை முடி ஒரு மில்லிமீட்டரிலேயே வளையவும் தொடங்கிவிடும். 45 பாகை சாய்ந்த முடி படத்தில் உண்மை நீளத்தின் 70 விழுக்காடாகத்தான் தெரியும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கண்ணாடித் தகட்டால் அழுத்திப் படமெடுப்பது இதற்காகத்தான். அழுத்தாமல் எடுத்த படத்தில் சுருட்டை முடியின் வேகம் குறைத்தே மதிப்பிடப்படும். மூன்றாவது, கருந்தோலில் கருமுடியும் வெளிர்தோலில் நரைமுடியும் படத்தில் தொலைந்துபோகும். நரைக்கு முன்கூட்டியே சாயம் பூச வேண்டும். நான்காவது, ஒரே துளையிலிருந்து இரண்டு மூன்று முடிகள் வருவது இயல்பு. துளையை எண்ணியவரின் அடர்த்தியையும் முடியை எண்ணியவரின் அடர்த்தியையும் ஒப்பிடக் கூடாது.

வீட்டில் அளக்க நினைப்பவருக்குச் சாயக்கோடு போதும். சாயம் பூசிய நாளிலிருந்து 60 நாள் கழித்து, உச்சந்தலையில் ஒரு கற்றையை நேராக இழுத்துப் பிடித்து, தோலிலிருந்து சாயம் தொடங்கும் இடம் வரை மில்லிமீட்டர் அளவுகோலில் பாருங்கள். 20 மி.மீ. என்றால் மாதம் 1 செ.மீ. 30 நாளில் அளந்தால் 1 மி.மீ. பிழையே பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும், 60 நாளில் அது பாதியாகும். மொட்டை அடித்த நாளிலிருந்தும் இப்படி அளக்கலாம். ஆனால் மொட்டைக்குப் பின் முடி தடித்து வளரும் என்பது பிழை. வெட்டுப்பட்ட நுனி மழுங்கியிருப்பதால் அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான். 1928-இலேயே அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் சவரம் செய்தவர்களை அளந்து இதை மறுத்துவிட்டார்.

சீப்பில் வந்த முடியை வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெண்குமிழ் இருந்தால் அது காலம் முடிந்து உதிர்ந்தது. நாளுக்கு 50 முதல் 100 வரை இயல்பு. இரண்டு முனையிலும் குமிழ் இல்லை என்றால் ஒடிந்தது. உதிர்வுக்கான மருந்து ஒடிவதை நிறுத்தாது.

எண்ணெய்க்குக் கிடைக்கும் பெயரிலும் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. கடும் காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ 2, 3 மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும், பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே திரும்பும். கொட்டும்போது எண்ணெயை மாற்றியவர் திரும்பியதற்கு எண்ணெயைப் பாராட்டுவார். எந்தச் சிகிச்சையையும் 6 மாதத்துக்கு முன் மதிப்பிடாதீர்கள். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை விழுங்குகிறவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவையே அது பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது.

ஒரு முடிவகைக்குச் சொன்ன பராமரிப்பை இன்னொன்றுக்கு எடுப்பதும் கேடுதான். நேரான முடியை ஈரத்தில் சீவினால் நீண்டு அறும், ஓரளவு உலர்ந்தபின் சீவ வேண்டும். இறுகச் சுருண்ட முடியை உலர்நிலையில் சீவினால் ஒடியும், கண்டிஷனர் பூசிய ஈரத்தில் அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். எந்த வகை முடியானாலும் இறுக்கிப் பின்னுவதைத் தினமும் தொடர்ந்தால் நெற்றி ஓரமும் காதோரமும் முதலில் மெலியும். அங்கே சிறு கொப்புளமோ வலியோ தெரிந்த அன்றே பின்னலைத் தளர்த்திவிடுங்கள். அந்தக் கட்டத்தில் முடி திரும்பி வரும். ஆண்டுக்கணக்கில் இழுபட்டு மயிர்க்கால் தழும்பாகிவிட்டால் வராது.