பாடக்குறிப்பைப் படமாக அனுப்பாதீர்கள், எழுத்தாக அனுப்புங்கள்

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கரும்பலகையைப் படம் பிடித்துப் போடுவதற்குப் பதில், அதையே யூனிகோட் தமிழில் (எல்லாப் போன்களுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில்) தட்டச்சு செய்து அனுப்புங்கள். தட்டச்சு சிரமம் என்றால் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் மைக்கை அழுத்திப் பேசினால் போதும். பிழைகளை மட்டும் அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.

பார்வையற்ற மாணவரின் போனில், திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் டாக்பேக் வசதி எழுத்தை வரிவரியாக வாசிக்கும். படத்துக்குள் இருக்கும் கையெழுத்தை நம்பகமாக வாசிக்காது. கண் பார்வையற்றோருக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பள்ளி நடக்கும் பாளையங்கோட்டைக்காரர்கள் நாமே இதை மறக்கலாமா? டேட்டாவும் மிச்சம்: ஒரு பக்கத் தமிழ் எழுத்து ஐந்தாறு கேபிதான், படமோ சாதாரணமாக 100 கேபியைத் தாண்டும். காரையார் மலைப் பக்கம் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் எழுத்து போய்ச் சேர்ந்துவிடும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது மட்டும் உதவாது. அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகள்தான்; டாக்பேக்கும் அதைத்தான் வாசிக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

வரைபடம், வடிவியல் படம் இவற்றுக்கு இந்த வழி சரிப்படாது. படத்தை அனுப்பித்தான் ஆக வேண்டும். கூடவே விளக்கம் எழுதுங்கள்: “தாமிரபரணி பொதிகையில் தொடங்கி, பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி வழியாகக் கிழக்கே ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது.” வெறுமனே ‘ஆற்றின் வரைபடம்’ என்று போட்டால் யாருக்கும் பயனில்லை.